ஹட்டனில் பகல், சிலியில் மேகம்

இலங்கை மலைநாட்டில், நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு வளைவில் ரயில் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ மண் சரிந்திருக்கிறது என்றார்கள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் ரயில் இப்படி நின்றால் முதலில் ஒருவர் அரசாங்கத்தைத் திட்டுவார், அடுத்தவர் எந்த அரசாங்கத்தை என்று கேட்பார், அதற்குள் ரயில் கிளம்பிவிடும். இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. பெட்டி முழுக்கப் பொட்டலங்கள் பிரிந்தன.

வடைக்காரர் மட்டும் ரயில் ஓடுகிற வேகத்திலேயே விற்றுக்கொண்டு போனார். ஒன்று வாங்கினேன். பருப்பு வடையின் தலையில் முழு இறால் ஒன்று மீசையோடு உட்கார்ந்திருந்தது. எந்தப் பக்கமிருந்து கடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர் இருக்கைச் சிங்களப் பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் மொழிபெயர்த்தான்.

"தேயிலை வாங்க வந்தீங்களான்னு கேக்குறாரு."

"இல்லை, ஹட்டனில் ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்க. வானியல்."

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலை, மரம், அடுத்த தண்டவாளம் எதுவும் தெரியவில்லை. வெள்ளையாகப் பனி மட்டும். அவர் சொன்னதைப் பையன் கொஞ்சம் கூச்சத்தோடு தமிழில் சொன்னான்: "வானத்தப் பத்திச் சொல்லிக் குடுக்க வேற ஊரு கிடைக்கலையான்னு கேக்குறாரு."

நியாயமான கேள்விதான். என் தொழிலையே அவருக்கு விளக்கத் தொடங்கினேன். உங்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் குவாசர் தேடுகிறவன். வெகுதொலைவில் உள்ள ஒரு விண்மீன் கூட்டத்தின் நடுவில் ராட்சதக் கருந்துளை ஒன்று இருக்கும். அதற்குள் விழப் போகிற வாயு சுற்றிச் சுற்றிச் சூடாகி, அந்தக் கூட்டத்தின் மொத்த விண்மீன்களையும் மிஞ்சுகிற அளவுக்கு ஒளிரும். அதுதான் குவாசர். அத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண நட்சத்திரம் போல ஒரு புள்ளி, அவ்வளவுதான். வானம் முழுவதையும் பல நிற வடிகட்டிகள் வழியாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடிக்கணக்கான புள்ளிகளில், தூரத்தால் ஒளி நீண்டு சிவந்துபோனவற்றைப் பொறுக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், நம் பக்கத்துத் தெருவில் இருக்கிற குளிர்ந்த குட்டி நட்சத்திரங்களும் அதே சிவப்புத்தான்.

அதனால் எல்லோரும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிவப்பாகவும் மங்கலாகவும் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். சிவப்பாக, ஆனால் பளிச்சென்று இருந்தால், இவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு வெளிச்சம் வராது, இது பக்கத்து நட்சத்திரம் என்று கணினியே ஒதுக்கிவிடும். அந்த ஒதுக்கலில் உண்மையான குவாசர்களும் போகின்றன, அதுவும் இருப்பதிலேயே பிரகாசமானவை போகின்றன என்பது என் கட்சி. என் வழிகாட்டிப் பேராசிரியர், நாங்கள் மேடம் என்று அழைப்பவர், அந்தப் பிரகாசமான புள்ளிகளுக்கு வைத்த பெயர் "உன் செல்லப்பிள்ளைங்க".

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் பொட்டலத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஹட்டனில் இறங்கும்போது இருட்டிவிட்டது. குடையோடு நின்றிருந்தவர் செல்வராணி டீச்சர். இந்தப் பயிலரங்கை ஏற்பாடு செய்தவர் அவர்தான். பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். முன்பின் பார்த்ததில்லை. இணையத்தில் ஒரு வான்படக் குழுவில் பழக்கம்.

"ரயிலு நின்னுருச்சா சேர்? அது நின்னாத்தான் ஹட்டனுக்கு வந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே பையைப் பிடுங்கிக்கொண்டார். இங்கே ஆசிரியர் எல்லோரும் 'சேர்', 'டீச்சர்'. எங்கள் வீட்டில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என்னை ஒருவர் 'சேர்' என்றால் இன்னமும் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

இரவுச் சாப்பாடு டீச்சர் வீட்டில், ரொட்டியும் கட்டச் சம்பலும். தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிய கனமான ரொட்டி. சம்பல் என்பது வெங்காயம், மாசிக் கருவாடு, காய்ந்த மிளகாய் மூன்றையும் இடித்தது. முதல் வாயில் காது அடைத்தது. பிறகு பால் சேர்க்காத தேநீர், 'ப்ளேன்டீ'. தேயிலை மலைக்கே வந்தாயிற்று, பிரமாதமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஊர் டீக்கடைத் தேநீர்தான் நினைவுக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சரின் கணவர் சொன்னார்: "நல்லதெல்லாம் கப்பல் ஏறிரும் தம்பி. நாங்க குடிக்கிறது தூளு. ஒங்க ஊருக்கு வந்தாத்தான் எங்க டீய ஒழுங்காக் குடிக்கணும்."

வியாழக்கிழமை வகுப்பு தொடங்கியது. இருபது சொச்சம் ஆசிரியர்கள், கொத்மலை முதல் நல்லதண்ணி வரை பல தோட்டங்களிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர்கள். நான் சிவப்பு நட்சத்திரத்தையும் குவாசரையும் பிரித்தறிவது எப்படி என்று சொன்னேன். புள்ளியின் ஒளியை வானவில்லாகப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குளிர்ந்த நட்சத்திரமென்றால் வரைபடம் படிப்படியாக, உடைந்த மாடிப்படி போல இருக்கும். குவாசர் என்றால் அகலமான மேடு ஒன்று எழும்பும், அதன் நீலப் பக்கம் சட்டென்று பள்ளம்.

கொத்மலையிலிருந்து வந்த ராஜேந்திரன் என்ற கணக்கு ஆசிரியர் கை தூக்கினார். "சேர், நீங்க இதுவரைக்கும் எத்தன கண்டுபிடிச்சீங்க?"

"மங்கலானது சில. பிரகாசமானது ஒன்றும் இல்லை."

"அப்ப நம்ம கட்சி இன்னும் தேர்தல்ல நிக்கலன்னு சொல்லுங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் தேர்தல் உண்மையிலேயே நெருங்கிக்கொண்டிருந்தது. சிலி நாட்டு மலையொன்றில் உள்ள தொலைநோக்கியில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். என் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குக் கிடைக்கக்கூடிய கடைசி மணி நேரம் அதுதான். அதில் பார்க்க மேடம் போட்ட வரிசையில் முதலில் மங்கலான புள்ளி ஒன்று. அது நிச்சயம் குவாசர், எடுத்தால் என் அத்தியாயம் முடிந்துவிடும். ஆனால் அதற்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டும். அதன் கீழே, நான் கெஞ்சிச் சேர்த்த பிரகாசமான புள்ளி. அதற்குச் சில நிமிடங்கள் போதும். மேடம் பக்கத்தில் குறித்திருந்தார்: "மேகம் வந்தால் மட்டும்."

இது எங்கள் தொழிலில் வழக்கம். மேகத்தில் மங்கலானவை தெரியாது. அதனால் ஒப்புக்கு ஒரு பிரகாசமான புள்ளியை வரிசையின் கடைசியில் வைத்திருப்போம். என் வாழ்நாள் நம்பிக்கை அந்த ஒப்புக்குச் சப்பாணி இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சிலியிலிருந்து செய்தி வந்தது. அட்டவணை மாறிவிட்டது, உங்கள் நேரம் நாளை விடியலுக்கு முந்தைய மணி நேரம். சிலியில் விடிகிற நேரம் என்றால் ஹட்டனில் வெள்ளிக்கிழமை மதியம். நான் கணினியில் இணைந்திருந்து எதைப் பார்ப்பது என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பயிலரங்கக் கட்டடத்தின் இணையக் கம்பிமேல் ஒரு மரம் விழுந்து கிடந்தது.

"நஸீர் நானாவோட கடைக்குப் போவோம்" என்றார் டீச்சர். "டவுன்லயே அங்கதான் லைன் நல்லம்."

இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்பார்கள். நஸீர் நானாவின் கடை பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்தது. போன் ரீலோட், போட்டோ கொப்பி, குடை, டார்ச் லைட், மழைக் கோட்டு எல்லாம் அங்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் மணக்க, கடையைப் பூட்டத் தயாராக நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளி மதியம், ஜும்மா தொழுகை. என் நேரமும் அவர் நேரமும் ஒன்றேதான்.

"கடையத் தொறந்து வச்சிட்டு நான் பள்ளிக்குப் போனா நல்லாவா ஈக்கும்?" என்றார் நானா. கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்வோம். ஷட்டர அரவாசி எறக்குறேன். டீச்சரும் நீங்களும் உள்ளுக்கு ஈங்க. யாவாரம் செய்ய வாணாம். யாராச்சும் வந்தா, நானா பள்ளியிலன்னு சொல்லுங்க."

ஷட்டர் பாதி இறங்கியது. இடுப்புக்குக் கீழே வெளி உலகம், செருப்புகளும் சேலை ஓரங்களும் நல்லதண்ணி பஸ்ஸின் சக்கரமும். மேலே நான், மடிக்கணினி, குடைகள். திரையில் சிலித் தொலைநோக்கியை இயக்கும் பெண்ணின் முகம் வந்தது. கம்பளிக் குல்லாயோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இரவு முழுக்க மேகமாம். இப்போது ஓர் இடைவெளி தெரிகிறது, எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாதாம்.

"எது முதலில்?" என்று கேட்டார்.

மேடத்துக்கு அழைத்தேன். வேறொரு மாணவரின் வாய்மொழித் தேர்வில் இருந்தார், போன் அணைந்திருந்தது. வரிசைப்படி மங்கலானதையே சொன்னேன். தொலைநோக்கி அங்கே திரும்பியது.

"சாமி கும்புட்டுட்டுத்தான் வந்தேன் சேர்" என்றார் டீச்சர். "அங்க மேகம் இல்லாம இருக்கணும்னு."

நான் தலையாட்டினேன். எனக்கு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. மேகம் விலகினால் ஆய்வேடு முடியும். மேகம் வந்தால் என் கட்சி தேர்தலில் நிற்கும், தோற்றால் கையில் ஒன்றுமே இருக்காது.

அந்த நேரத்தில் ஹட்டனில் கரண்ட் போனது. நானாவின் யு.பி.எஸ். பீப், பீப் என்று கத்தியது. இணையம் பிழைத்திருந்தது. ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓர் அம்மா உள்ளே வந்தார், கையில் பிளாஸ்டிக் உறை.

"நானா இல்லையா? ஐடென்டி கார்டு ரெண்டு பக்கமும் கொப்பி ஒண்ணு அடிக்கணும்."

"நானா பள்ளியில அக்கா. கரண்டும் இல்ல" என்றார் டீச்சர்.

"அந்தா பச்ச லைட்டு எரியுதே."

"அது பேட்டரில ஓடுது. கொப்பி மெஷினப் போட்டா எல்லாம் அணைஞ்சிரும். இவரு முக்கியமா ஒரு வேல பாக்குறாரு."

"எனக்கும் முக்கியந்தான். நல்லதண்ணி பஸ்ஸு நிக்குது. இந்தக் கொப்பியக் குடுத்தாத்தான் சீசன் கடைக்கு எடம் தருவாங்க." சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறவர்களுக்குச் சோளம் அவித்து விற்க இடம் கேட்டிருக்கிறாராம். லெட்சுமி என்று பெயர் சொன்னார். பிறகு என் திரையை எட்டிப் பார்த்தார். "என்னா வேல? ஒண்ணுமே இல்லையே, கறுப்பாத்தானே இருக்கு."

அவர் சொன்னது சரி. வந்து சேரும் ஒளியைக் காட்டும் எண்கள் விழத் தொடங்கியிருந்தன. சிலிப் பெண் சொன்னார்: "மேகம் திரும்ப வருகிறது. இது தேறாது. விட்டுவிடவா?"

விட்டால் இதுவரை சேர்ந்த ஒளி வீண். பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மேகம் விலகினாலும் விலகும். மேடம் கேட்டால், வரிசைப்படிதான் செய்தேன் என்று சொல்ல ஒரு பதிலாவது இருக்கும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். யு.பி.எஸ். பீப் சத்தம் வேகமானது.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. லெட்சுமி அக்கா வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அடுத்த பஸ்ஸுல போறேன். இந்த மனுசனுக்கு வேர்க்கிறதப் பாத்தா பாவமா இருக்கு. சட்டுனு முடிங்க."

"இதை விட்டுவிடுங்கள். அடுத்ததுக்குப் போகலாம்" என்றேன் சிலிக்கு.

"பிரகாசமானதா? நட்சத்திரம் போலத்தானே இருக்கிறது?"

"அதுதான்."

தொலைநோக்கி நகர்வதற்கு ஆன நேரத்தில் டீச்சர் சிலி எங்கே இருக்கிறது என்று அக்காவுக்கு விளக்கினார். அங்கே இப்போது இரவா என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றதும், "அப்ப அந்தப் புள்ள இன்னும் தூங்கலையா" என்று திரையிலிருந்த பெண்ணுக்காக வருத்தப்பட்டார். மெல்லிய மேகத்தினூடேயே ஒளி வந்து விழத் தொடங்கியது. சில நிமிடங்கள். பிறகு கணினி அதைக் கோடாக வரைந்தது.

மாடிப்படி இல்லை.

நான் திரும்பப் பார்த்தேன். கோடு தரையோடு ஊர்ந்து வந்து, திடீரென்று செங்குத்தாக ஏறி, அகலமான மேடாகி, அந்தப் பக்கம் மெதுவாகச் சரிந்து இறங்கியது. டீச்சர் என் தோளுக்கு மேலே குனிந்து, நேற்று நான் பலகையில் வரைந்ததைக் காற்றில் விரலால் வரைந்து பார்த்தார்.

"சேர், இது நீங்க சொன்ன மேடுதானே?"

சிலியில் கொட்டாவி நின்றுவிட்டது. அந்தப் பெண் குல்லாயைப் பின்னால் தள்ளிவிட்டு, "இன்னொரு தடவை எடுக்கிறேன். இது என் கண் கோளாறா என்று பார்க்க வேண்டும்" என்றார். எடுத்தார். அதே மேடு. அதோடு யு.பி.எஸ். உயிரை விட்டது, இணையம் அறுந்து திரை உறைந்துபோனது, அந்த மேட்டோடேயே.

"முடிஞ்சிருச்சா?" என்றார் லெட்சுமி அக்கா. "நல்லதா, கெட்டதா?"

"நல்லது அக்கா."

"அப்ப அழுவாதீங்க."

நான் அழவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நஸீர் நானா தொழுகை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கினார். கூடவே கரண்டும் வந்தது. அவர் முதலில் செய்தது, லெட்சுமி அக்காவுக்குக் கொப்பி அடித்துக் கொடுத்ததுதான். இரண்டாவது, எனக்கும் டீச்சருக்கும் அக்காவுக்கும் பக்கத்துக் கடையிலிருந்து பால் டீயும் மாலுபணிஸும் வரவழைத்தது. மீனும் உருளைக்கிழங்கும் அடைத்த முக்கோணப் பன் அது. எங்கள் ஊரில் மீனைப் பன்னுக்குள் ஒளித்து வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. மூன்று சாப்பிட்டேன்.

சாயங்காலம் மேடம் அழைத்தார்.

"மங்கலானது என்ன ஆச்சு?"

"விட்டுட்டேன் மேடம். மேகம்."

"உன் செல்லப்பிள்ளை?"

படத்தை அனுப்பியிருந்தேன். அதைத் திறந்து பார்த்தார். பிறகு, திட்டும்போது வருகிற அதே குரலில் சொன்னார்: "இது ஒண்ணு போயிருக்குன்னா, கணினி ஒதுக்கினதுல இன்னும் எத்தனை போயிருக்கு? தென்வானம் முழுக்க மறுபடி பார்க்கணும். கணினிகிட்டக் குடுக்காதே, அதுதான் தூக்கிப் போட்டது. ஆள் பார்க்கணும். அத்தனை கண்ணுக்கு எங்கே போவே?"

நான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததை மறைக்கவே இல்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு நான் தயாரித்திருந்த பாடத்தை மூட்டை கட்டினேன். நானாவின் கடையில் முந்தின மாலையே இறக்கி வைத்திருந்த படங்களை எல்லாக் கணினிகளிலும் ஏற்றினோம். கணினி நட்சத்திரம் என்று தள்ளிய பிரகாசமான சிவப்புப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில். இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிவது, பக்கத்துப் பெரிய நட்சத்திரத்தின் வெளிச்சம் சிந்தியிருப்பது, செயற்கைக்கோள் போட்ட கீறல், இவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் குறிக்க வேண்டும். எப்படிப் பங்கு பிரிப்பது என்று பலகையில் அட்டவணை போடத் தொடங்கினேன்.

"அதெல்லாம் எதுக்கு சேர்? நெர பிடிச்சிருவோம்" என்றார் ராஜேந்திரன்.

நெர என்பது நிரை. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது மலையில் ஆளுக்கு ஒரு வரிசை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் சேர்த்து அனுப்பியதும், மலைக்குப் போய் அவரவர் நிரையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் நிரையில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. தன்னுடையதை முடித்தவர் பக்கத்து நிரைக்காரருக்குக் கை கொடுக்கலாம். அந்த அறையில் இருந்த எல்லோருடைய அம்மாக்களும் நிரை பிடித்தவர்கள். வானத்தை நிரைகளாகப் பிரிக்க அவர்களுக்கு என் அட்டவணை தேவைப்படவில்லை.

சிக்கல் ஒன்றுதான் வந்தது. ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றேன். அறையில் முணுமுணுப்பு.

"என் நெரைல இன்னொராளு வந்து பாக்குறதுன்னா, நான் கொழுந்த விட்டுட்டேன்னு அர்த்தமா?" என்று பின்வரிசை டீச்சர் ஒருவர் கேட்டார்.

"கங்காணி வந்து பாக்குறாருன்னு நெனச்சுக்கோங்க" என்றார் செல்வராணி டீச்சர்.

"யாரு கங்காணி?"

"எல்லாரும் எல்லாருக்கும் கங்காணி."

"அப்ப நான் ராஜேந்திரன் சேரோட நெரைக்குக் கங்காணி" என்றார் பின்வரிசை டீச்சர் உடனே. "அவரு அவசரக்காரரு. எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிருவாரு."

"பாருங்க, பாருங்க" என்றார் ராஜேந்திரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. பலர் இடது கையால் மவுஸை நகர்த்திக்கொண்டே சாப்பிட்டார்கள். கொழும்பு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, ஊரில் மனப்பாடம் செய்து வந்திருந்த நன்றியுரையைத் தொடங்கினேன். முதல் வாக்கியம் வரை சொன்னேன். கேட்பார் இல்லை. மவுஸ் சொடுக்கும் சத்தம் மட்டும், மழை ஓட்டுக்கூரையில் விழுவது மாதிரி.

"நான் கிளம்புகிறேன்" என்றேன்.

செல்வராணி டீச்சர் கையை மட்டும் ஆட்டினார். ராஜேந்திரன் எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசை டீச்சர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று அதையே பார்த்தார்.

"போய்ட்டு வாங்க சேர்" என்றார் ராஜேந்திரன். "போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க. பனி உள்ள வருது, திரை தெரியல."